கயோலினைட்டுக்குள் நீர் நுழைவதில்லை, டிஎம்எஸ்ஓ நுழைகிறது: ஏன், எப்படி?

வண்டல்:
கயோலினைட்டும் மான்ட்மோரில்லோனைட்டும் அடுக்கடுக்கான களிமண் கனிமங்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவில் (எக்ஸ்ஆர்டி) 001 பீக் அடுக்குக்கு அடுக்கு உள்ள இடைவெளியைக் காட்டும். சோடியம் மான்ட்மோரில்லோனைட்டை ஈரமாக வைத்தால் 001 பீக் 12.5 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 15, 18 என்று நகர்கிறது. கயோலினைட்டை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்தாலும் 7.16-ஐ விட்டு அசைவதில்லை. அதே கயோலினைட்டில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு, அதாவது டிஎம்எஸ்ஓ, நுழைந்து 11.2 ஆக்கிவிடுகிறது. டிஎம்எஸ்ஓ மூலக்கூறு நீரைவிடப் பெரியது. சின்னது நுழையாத இடத்தில் பெரியது எப்படி நுழைகிறது?

செய்முறையில் இரண்டு சிக்கல்கள். தூய டிஎம்எஸ்ஓவில், 60 டிகிரியில், 3 நாள் கலக்கிய பிறகும் 7.16 பீக் பெரிதாகவே நிற்கிறது. மிச்சமான டிஎம்எஸ்ஓவை நீரால் கழுவினால் 11.2 பீக் முழுதாக மறைந்து பழைய கயோலினைட் திரும்பிவிடுகிறது. பிழை எங்கே?

அடுக்குமணி:
முதல் கேள்விக்கு அளவைப் பார்த்தால் விடை கிடைக்காது. அடுக்குகளை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டு கனிமங்களிலும் பிடிப்பே வேறு வேறு.

மான்ட்மோரில்லோனைட் 2:1 வகை. நடுவில் எண்முகித் தகடு, இருபுறமும் சிலிக்கா நான்முகித் தகடு. எண்முகித் தகட்டில் சில அலுமினியங்களின் இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் அடுக்குக்கு எதிர் மின்சுமை. அதை ஈடுகட்ட அடுக்கிடையில் சோடியமோ கால்சியமோ நிற்கும். நீர் அங்கே போவது முதன்மையாக அந்த அயனியைச் சூழ்ந்துகொள்ளத்தான். அயனியின் நீரேற்ற ஆற்றல் அடுக்குகளின் ஈர்ப்பை வென்றால் அடுக்கு விலகும், இல்லையென்றால் விலகாது. கணக்கும் எளிது: உலர்ந்த நிலையில் 9.6, நீர் மூலக்கூறின் தடிமன் சுமார் 2.8. ஒரு நீரடுக்கு 12.4, இரண்டு 15.2, மூன்று 18.0. நடைமுறையில் காணும் எண்கள் இவற்றை ஒட்டியே வரும்.

மின்சுமையே இல்லாத 2:1 கனிமங்களைப் பாருங்கள். பைரோஃபில்லைட் (சுமார் 9.2), டால்க் (9.35) இரண்டும் நீரில் உப்புவதில்லை. மறுமுனையில் மைக்கா: மின்சுமை அதிகம், நடுவில் பொட்டாசியம். அதன் நீரேற்ற ஆற்றல் குறைவு, அளவோ சிலிக்கா முகத்தின் அறுகோணக் குழிக்குள் சரியாக உட்காரும் அளவு. அதனால் 10 ஆங்ஸ்ட்ராமில் பூட்டியதுபோல் நிற்கும். உப்புவதற்கு மின்சுமை வேண்டும், ஆனால் அளவோடு. மான்ட்மோரில்லோனைட் அடங்கிய ஸ்மெக்டைட் குழுவில் அது அரை வாய்ப்பாட்டு அலகுக்கு 0.2 முதல் 0.6. வெர்மிகுலைட்டில் 0.6 முதல் 0.9, அங்கே வீக்கம் இரண்டு நீரடுக்கோடு நின்றுவிடும்.

கயோலினைட் 1:1 வகை. ஒரு நான்முகித் தகடு, ஒரு எண்முகித் தகடு, மின்சுமை ஏறக்குறைய இல்லை, நடுவில் அயனியும் இல்லை. ஒரு முகம் முழுக்க ஆக்சிஜன், மறுமுகம் முழுக்க ஹைட்ராக்சில். வாய்ப்பாட்டில் உள்ள 4 ஹைட்ராக்சில்களில் 3 அடுக்கின் வெளிமுகத்தில் நின்று அடுத்த அடுக்கின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கின்றன. ஒவ்வொன்றும் பலவீனமானதுதான், ஆனால் முகம் முழுவதும் நெருக்கமாக இருப்பதால் மொத்தப் பிடிப்பு பலமாகிறது. நீரை உள்ளே இழுக்க அயனி இல்லை. உள்ளே வந்தால் அந்தப் பிணைப்புகளை உடைத்த செலவை நீரால் ஈடுகட்டவும் முடிவதில்லை.

டிஎம்எஸ்ஓ அந்தச் செலவை ஈடுகட்டுகிறது. அதன் ஆக்சிஜன், அடுக்கின் ஹைட்ராக்சில்களிடமிருந்து வலுவான ஹைட்ரஜன் பிணைப்பைப் பெறுகிறது. ஒரு மெத்தில் தொகுதி எதிரே உள்ள சிலிக்கா முகத்தின் குழிக்குள் சாவி போல் இறங்குகிறது. இருபுறமும் பிடிமானம். அதனால்தான் இவ்வளவு ஒழுங்கான அமைப்பு கிடைக்கிறது.

இருமுனைத் திருப்புத்திறன் அதிகம், அதனால் நுழைகிறது என்று பலர் சொல்லி முடித்துவிடுவார்கள். டிஎம்எஸ்ஓவுக்கு 3.96 டிபை, நீருக்கு 1.85 என்பது உண்மைதான். ஆனால் ஹைட்ரசீனின் மதிப்பு நீரை ஒட்டியே இருக்கிறது, அதுவோ தாராளமாக நுழைந்து 10.4 கொடுக்கிறது. பிணைப்பை எப்படிக் கொடுக்கிறது, எப்படி வாங்குகிறது, குழிக்குள் எப்படி உட்காருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கல்வம்:
செய்முறைக்கு வருகிறேன். உங்கள் முதல் பிழை, டிஎம்எஸ்ஓவில் நீர் சேர்க்காதது. முற்றிலும் உலர்ந்த டிஎம்எஸ்ஓவில் வினை மிக மெதுவாக நடக்கும். கொஞ்சம் நீர் இருந்தால் வேகம் கூடும். நீரை அதிகமாக்கினால் போட்டி வந்து விளைச்சல் குறையும்.

நம்பகமாக வேலை செய்யும் அளவு:

கயோலினைட் 10 கிராம், டிஎம்எஸ்ஓ 60 மி.லி., நீர் 5.5 மி.லி. மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் 60 முதல் 80 டிகிரிக்குள் வைத்துக் காந்தக் கலக்கியில் மெதுவாகக் கலக்குங்கள். 3 நாள் போதாது. 7 முதல் 10 நாள் என்று திட்டமிடுங்கள். தினமும் ஒரு துளி கலவையைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி எக்ஸ்ஆர்டியில் 5 முதல் 15 டிகிரி 2 தீட்டா (கதிர் விலகும் கோணம்) வரை ஓட்டினால் போதும். செம்பு எக்ஸ்-கதிர்க் குழாயில் 7.16 என்பது 12.35 டிகிரியில் வரும், 11.2 என்பது 7.89 டிகிரியில். ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்க வேண்டும்.

வேகமாகக் கலக்குவதில் பயனில்லை. தட்டுகள் உடைந்து துகள் நுண்ணியதானால் வினை இன்னும் மந்தமாகும். பலருக்கு இது வியப்பாக இருக்கும், ஏனென்றால் வழக்கமான வினைகளில் துகள் சிறிதானால் வேகம் கூடும். கயோலினைட்டில் தலைகீழ்: நன்றாகப் படிகமான, பெரிய தட்டுகள் முழுமையாக இடம்கொடுக்கும். நுண்ணிய, அடுக்கு ஒழுங்கு குலைந்த கயோலினைட்டில் ஒரு பகுதி பிடிவாதமாக 7.16-லேயே நிற்கும். உங்கள் மாதிரியின் 2 தீட்டா 19.8 முதல் 22 வரையுள்ள பகுதியில் பீக்குகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவா, ஒரே மேடாகக் கலந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். மேடாக இருந்தால் முழு இடைச்செருகலை (அடுக்கிடையில் மூலக்கூறு நுழைவதை) எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது பிழை கழுவுதல். நீரால் கழுவினால் டிஎம்எஸ்ஓ வெளியேறும். நீங்கள் கண்டது அதுதான். வினை தோற்கவில்லை, கழுவல் அதை அழித்துவிட்டது. மையவிலக்கியில் சுழற்றித் தெளிவை ஊற்றிவிட்டு, எத்தனால் அல்லது ஐசோபுரொப்பனாலால் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை, விரைவாகக் கழுவுங்கள். பிறகு 50 அல்லது 60 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள். ஆல்கஹாலிலும் நாள்கணக்கில் ஊறப்போடக் கூடாது.

இன்னொன்று: டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும். குளிர்ந்த அறையில் பாட்டில் கட்டியாகிக் கிடந்தால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், வெதுவெதுப்பான நீரில் வைத்தால் உருகிவிடும்.

வண்டல்:
நன்றி. எவ்வளவு நுழைந்தது என்பதை இரண்டு பீக்குகளின் உயரத்திலிருந்து கணக்கிடலாமா? 11.2 பீக்கின் செறிவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.92 வருகிறது என்றால் 92 சதவீதம் என்று எழுதலாமா?

அடுக்குமணி:
எழுதலாம், ஆனால் அதை ஒப்பீட்டு எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்லைடு, ஒரே மாதிரி, நாளுக்கு நாள் மாற்றம் என்றால் அது நம்பத்தக்கது. கனிமத்தின் உண்மையான பங்கு அதுவே என்று எடுக்கக் கூடாது. தாழ்கோணத்தில் உள்ள பீக் இயல்பாகவே பெரிதாகத் தெரியும். அடுக்கிடையில் கந்தகம் போன்ற கனமான அணு வந்ததும் 001-இன் செறிவும் மாறுகிறது. 8 டிகிரியில் உள்ளதையும் 12 டிகிரியில் உள்ளதையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல.

குறுக்குச் சரிபார்ப்புக்கு, சூடேற்றி எடை குறைவதை அளக்கும் எடையிழப்புப் பகுப்பாய்வு இருக்கிறது. முழுமையாக நுழைந்தால் ஒரு கயோலினைட் அலகுக்கு ஒரு டிஎம்எஸ்ஓ. கயோலினைட் 258.16, டிஎம்எஸ்ஓ 78.13, ஆக மொத்த எடையில் 23.2 சதவீதம் டிஎம்எஸ்ஓ. கயோலினைட்டில் 90 சதவீதம் மட்டும் மாறியிருந்தால் இழப்பு 21.4 சதவீதமாக இருக்க வேண்டும். வெளிப்பரப்பில் ஒட்டிய டிஎம்எஸ்ஓ முன்னதாகவே போய்விடும், அடுக்கிடையில் உள்ளது 150 டிகிரியைத் தாண்டித்தான் பெருமளவில் வெளியேறும். இரண்டையும் பிரித்து எடுங்கள். வெப்பநிலை கூடியதும் ஹைட்ராக்சில் நீராகப் போகும், அது தூய கயோலினைட்டின் எடையில் 13.96 சதவீதம். இந்த இழப்பிலிருந்து மாதிரியில் உண்மையில் எத்தனை கயோலினைட் இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அதோடு டிஎம்எஸ்ஓ இழப்பை ஒப்பிட்டால் குவார்ட்ஸ் போன்ற கலப்படங்களும் கணக்கிலிருந்து விலகிவிடும்.

அகச்சிவப்பு நிறமாலையும் தெளிவாகப் பேசும். கயோலினைட்டின் ஹைட்ராக்சில் பட்டைகள் 3695, 3668, 3652, 3620 செ.மீ.⁻¹. இவற்றில் 3620 அடுக்கின் உள்ளே புதைந்திருக்கும் ஹைட்ராக்சிலுடையது, விருந்தாளி மூலக்கூறு அதைத் தொடாது, அதனால் அது அசையாமல் நிற்கும். 3695 மெலிந்து, 3538, 3502 அருகே புதுப் பட்டைகள் தோன்றினால் டிஎம்எஸ்ஓ உண்மையிலேயே உள்ளே போய்ப் பிணைந்திருக்கிறது. வெளியே ஒட்டிய டிஎம்எஸ்ஓ இந்த மாற்றத்தைத் தராது.

நுண்துகள்:
டிஎம்எஸ்ஓவுக்கு 10 நாள் காத்திருப்பதற்குப் பதில் யூரியாவோடு உலர்நிலையில் அரைத்துவிடலாமே. பந்து அரைவையில் 3 மணி நேரம் ஓட்டினால் 7.16 பீக் முழுதாக மறைந்துவிடுகிறது. 100 சதவீத இடைச்செருகல்.

கல்வம்:
இந்த முடிவை ஏற்க முடியாது. 7.16 மறைந்தது சரி, யூரியா நுழைந்தால் வரும் 10.7 பீக் எவ்வளவு உயர்ந்தது? இரண்டையும் சேர்த்துக் காட்டாத வரை அது இடைச்செருகலுக்குச் சான்றாகாது.

அரைவையில் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. யூரியா உள்ளே தள்ளப்படுகிறது, கயோலினைட்டின் படிகமும் சிதைகிறது. அதிக நேரம் அரைத்தால் அடுக்குகள் பிரிந்து, ஒழுங்கு குலைந்து, கடைசியில் உருவமற்ற பொருளாகிவிடும். அப்போதும் 7.16 மறையும், ஆனால் எதுவும் நுழைந்திருக்காது. சோதிக்க ஒரு வழி: அரைத்த பொருளை நீரால் நன்றாகக் கழுவி யூரியாவை வெளியேற்றி, உலர்த்தி மறுபடி எக்ஸ்ஆர்டி எடுங்கள். 7.16 பீக் பழைய கூர்மையில் திரும்பினால் இடைச்செருகல். சப்பையாக, அகலமாக வந்தால் பெரும்பகுதி சிதைவு. யூரியாவே இல்லாமல் அதே நேரம் அரைத்த கட்டுப்பாட்டு மாதிரியும் கட்டாயம் வேண்டும்.

அரைக்கும் முறை தவறென்று சொல்லவில்லை. 1961-இல் கோஜி வாடா பொட்டாசியம் அசிட்டேட்டை ஹாலோய்சைட்டோடும் (கயோலினைட்டின் உறவுக் கனிமம்) கயோலினைட்டோடும் அரைத்துத்தான் அந்த உப்பு நுழைவதைக் காட்டினார். கையால் அகேட் கல்வத்தில், குறைந்த நேரம் அரைத்து, பிறகு ஈரக்காற்றில் விட்டுவிடுவது நல்ல முறை. அங்கே காத்திருப்புதான் வேலை செய்கிறது, அரைத்தல் கலப்பதற்கு மட்டும். பொட்டாசியம் அசிட்டேட்டில் 14.2 கிடைக்கும் (6.2 டிகிரி). அந்த எண்ணில் உப்போடு சேர்ந்து நுழைந்த நீரும் அடக்கம். சூடேற்றி நீரை விரட்டினால் 11.5 அருகே இறங்கும். மாதிரியை உலர்த்திய பிறகு எடுத்த எண்ணையும் ஈரமாக எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்புவதை நிறைய இடங்களில் பார்க்கலாம்.

நுண்துகள்:
கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் சொன்னது என் தவறு. 10.7 பீக் 7.16-இன் பழைய உயரத்தில் பாதிகூட இல்லை, அகலமாகவும் இருக்கிறது. 3 மணி நேரம் என்பது அதிகம்தான்.

ஈரப்பதம்:
ஸ்மெக்டைட் பக்கம் யாரும் விரிவாகப் போகவில்லை. அங்கே அதிகம் தவறுவது ஈரப்பதத்தைக் குறிக்காமல் எண்ணை எழுதுவது. "மான்ட்மோரில்லோனைட், 13.6 ஆங்ஸ்ட்ராம்" என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. எந்த அயனி, எந்த ஒப்பு ஈரப்பதம், ஈரத்திலிருந்து உலர்ந்து வந்ததா, உலர்விலிருந்து ஈரமானதா என்று மூன்றையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீரடுக்கு நுழையும் ஈரப்பதமும் வெளியேறும் ஈரப்பதமும் ஒன்றல்ல. உலரும்போது நீர் பிடிவாதமாக ஒட்டி நிற்கும். அதனால் ஒரே 50 சதவீதத்தில் இரண்டு வெவ்வேறு எண்கள் வரலாம், இரண்டும் சரியே.

சோடியம் வடிவம் 30 முதல் 55 சதவீதம் வரை ஒற்றை நீரடுக்கில், 12.4 முதல் 12.6-இல், நிற்கும். 70-ஐத் தாண்டினால் இரட்டையடுக்கு. கால்சியம், மெக்னீசியம் வடிவங்கள் சாதாரண அறைக் காற்றிலேயே 15 அருகே, அதாவது இரட்டையடுக்கில், இருக்கும். ஆகவே பெயர் தெரியாத பென்டோனைட் (மான்ட்மோரில்லோனைட் மிகுந்த களிமண்) ஒன்று காற்றில் உலர்ந்த நிலையில் 7.1 டிகிரியில் பீக் காட்டினால் சோடியம், 5.8 டிகிரியில் காட்டினால் கால்சியம் என்று முதல் ஊகம் செய்யலாம். ஊகம் மட்டுமே.

ஈரப்பதத்தை நிலைநிறுத்த நிறைவுற்ற உப்புக் கரைசல் போதும். டெசிகேட்டரின் அடியில் கரைசல், கரையாத உப்பும் கொஞ்சம் படிந்திருக்க வேண்டும். 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11 சதவீதம், மெக்னீசியம் குளோரைடு 33, மெக்னீசியம் நைட்ரேட் 53, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் குளோரைடு 84, பொட்டாசியம் சல்ஃபேட் 97. எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். வெளியே எடுத்து எக்ஸ்ஆர்டி மேடையில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினால் மாதிரி அறைக் காற்றுக்குத் திரும்பிவிடும், நீங்கள் அளந்தது அறையின் ஈரப்பதத்தைத்தான். மூடிய மாதிரிக் கூண்டு இல்லையென்றால் 3 முதல் 10 டிகிரி வரை மட்டும் வேகமாக ஓட்டிவிடுங்கள்.

13.6 போன்ற இடைப்பட்ட எண்ணைக் கண்டு "ஒன்றரை நீரடுக்கு" என்று எழுதாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. சில அடுக்கிடைகளில் ஒன்று, சிலவற்றில் இரண்டு என்று கலந்து கிடக்கின்றன, பீக் அவற்றின் நடுவே அகலமாக வருகிறது. 002, 003 பீக்குகளையும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். 001-இன் மதிப்பு, 002-இன் இருமடங்கு, 003-இன் மும்மடங்கு மூன்றும் ஒத்துவந்தால்தான் ஒரே சீரான நிலை. ஒத்துவராவிட்டால் கலப்பு.

வண்டல்:
எங்கள் மான்ட்மோரில்லோனைட்டின் 15.4 எண் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 15.2-இலிருந்து 15.7 வரை ஆடுகிறது. ஈரப்பதம் ஒன்றுதான். வேறு என்ன காரணம்?

அடுக்குமணி:
ஸ்லைடின் உயரம். தாழ்கோணத்தில் இது மிகப் பெரிய பிழை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கோனியோமீட்டர் (எக்ஸ்ஆர்டியின் கோண அளவி) ஆரம் 173 மி.மீ., மாதிரியின் மேற்பரப்பு 0.2 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வையுங்கள். பீக் சுமார் 0.13 டிகிரி கீழே நகரும். கயோலினைட்டின் 7.16-இல் இது 0.08 ஆங்ஸ்ட்ராம் பிழைதான். 15.4-இல் 0.36 ஆங்ஸ்ட்ராம்! உங்கள் ஆட்டம் முழுவதையும் இதுவே விளக்கிவிடும்.

தீர்வு எளிது. மாதிரியில் குவார்ட்ஸ் இயல்பாகவே இருந்தால் அதன் 26.64 டிகிரி பீக்கை வைத்து உயரப் பிழையைத் திருத்துங்கள். இல்லையென்றால் மிக நுண்ணிய குவார்ட்ஸ் தூளைச் சிட்டிகை அளவு தூவிக்கொள்ளுங்கள். எல்லாப் பீக்குக்கும் ஒரே 0.1 டிகிரியைக் கழிக்காதீர்கள், நகர்வு கோணத்தின் கொசைனைப் பொறுத்து மாறும். தாழ்கோணத்தில் அந்த வேறுபாடு சிறிதுதான், ஆனாலும் சரியாகச் செய்வதே நல்லது.

எக்ஸ்-கதிர் வரும் பிளவு அகலமாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழே கற்றை மாதிரியைத் தாண்டி ஸ்லைடின் ஓரத்தில் விழும், செறிவு குறையும். குறுகிய பிளவு, நீளமான ஸ்லைடு இரண்டும் தேவை.

ஈரப்பதம்:
எத்திலீன் கிளைக்கால் சோதனையையும் இங்கே சேர்த்துவிடுகிறேன், அதுவும் சிறு மூலக்கூறு நுழைவதுதான். நீரடுக்கு ஈரப்பதத்தோடு ஆடிக்கொண்டே இருக்கும், கிளைக்கால் ஸ்மெக்டைட்டில் இரண்டு அடுக்காக உட்கார்ந்து 16.9 முதல் 17.0 வரை நிலையான எண்ணைத் தரும் (5.2 டிகிரி). அதனால்தான் ஸ்மெக்டைட்டை அடையாளம் காண அது வழக்கமாயிற்று.

டெசிகேட்டரின் அடியில் 1 செ.மீ. கிளைக்கால், மேலே பீங்கான் தட்டில் ஸ்லைடுகள், 60 டிகிரி அடுப்பில் ஓர் இரவு. துளியாக ஊற்ற வேண்டாம், படலம் கலைந்துவிடும். எடுத்த உடனே அளவிடுங்கள். வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் கிளைக்கால் ஆவியாகி எண் இறங்கத் தொடங்கும். பிறகு அதே ஸ்லைடை 375 முதல் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் ஸ்மெக்டைட் 10 அருகே சுருங்க வேண்டும். 14-இல் ஒரு பீக் எதற்கும் அசையாமல் நின்றால் அது குளோரைட். அதன் அடுக்கிடையில் முழு ஹைட்ராக்சைடு தகடே பூட்டியிருக்கிறது, அங்கே எதற்கும் இடமில்லை. 550 டிகிரியில் கயோலினைட்டின் 7.16 மறைந்துவிடும், குளோரைட்டின் 14 நிற்கும், கூடுதலாகவே உயரும். வெறும் 7 ஆங்ஸ்ட்ராம் பீக்கை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம், குளோரைட்டின் 002-உம் அங்கேதான் விழுகிறது.

நுண்துகள்:
ஹாலோய்சைட் எங்கே பொருந்துகிறது? அதுவும் 1:1 வகைதானே, ஆனால் அதற்குள் நீர் இருக்கிறதே. அடுக்குமணி சொன்ன விளக்கத்தோடு முரண்படவில்லையா?

அடுக்குமணி:
நல்ல கேள்வி. முரண்பாடில்லை. ஹாலோய்சைட் உருவாகும்போதே நீரோடு உருவாகிறது, 10 ஆங்ஸ்ட்ராம். ஒரு அலகுக்கு 2 நீர் மூலக்கூறு, எடையில் 12.2 சதவீதம். அந்த நீரை இழந்தால் 7.2-க்கு இறங்கும், பிறகு நீரில் ஊறப்போட்டாலும் திரும்பாது. நீர் உள்ளே இருக்க முடியும், ஆனால் மூடிய கதவைத் தானாகத் திறக்க அதனால் முடியாது. கயோலினைட்டில் நாம் பார்ப்பதும் இதுவேதான். டிஎம்எஸ்ஓ போன்ற ஒன்றைக் கொண்டு திறந்து, அதன் பிறகு நீரைக் குடியேற்றி 8.4, 10 ஆங்ஸ்ட்ராம் கயோலினைட் ஹைட்ரேட்டுகளைச் செயற்கையாக உண்டாக்கியிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி: ஹாலோய்சைட் இருக்கலாம் என்று சந்தேகமுள்ள மாதிரியை எடுத்த இடத்திலேயே ஈரத்தோடு பையில் கட்டிக் காற்றுப் புகாமல் வையுங்கள். ஒரு முறை உலர்த்திவிட்டால் எக்ஸ்ஆர்டியில் கயோலினைட்டையும் அதையும் பிரிப்பது கடினம்.

உலர்ந்த மாதிரிதான் கையில் இருக்கிறதென்றால் ஃபார்மமைடு சோதனை. 1984-இல் சர்ச்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை. ஸ்லைடில் ஃபார்மமைடைத் தெளித்து ஒரு மணி நேரத்துக்குள் அளவிடுங்கள். ஹாலோய்சைட் விரைவாக 10 அருகே விரியும், கயோலினைட் அந்த நேரத்தில் பெரும்பாலும் அசையாது. மறுநாள் அளந்தால் கயோலினைட்டும் விரியத் தொடங்கி முடிவு கெட்டுவிடும். கடிகாரம்தான் இங்கே கருவி. மைக்காவின் 10 ஆங்ஸ்ட்ராம் பீக் முன்பே இருக்கிறதா என்று தெளிப்பதற்கு முன் ஓர் ஓட்டம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மமைடு கருவுக்குத் தீங்கு செய்யும் பொருள். புகைக் கூண்டுக்குள் மட்டும் தெளியுங்கள். டிஎம்எஸ்ஓ தன்னளவில் சாதுதான், ஆனால் தோல் வழியே எளிதில் உள்ளே போகும், கையில் உள்ள வேறு அழுக்கையும் கூடவே இழுத்துச் செல்லும். கையுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஹைட்ரசீனை எண் சரிபார்க்கும் ஆசைக்காகத் தொட வேண்டாம். நஞ்சு, புற்றுநோய் அபாயம், வெடிக்கும் தன்மை மூன்றும் அதற்கு உண்டு.

வண்டல்:
டிஎம்எஸ்ஓ நுழைந்த கயோலினைட்டில் அடுத்து பெரிய மூலக்கூறுகளை, நீளச் சங்கிலி அமீன் போன்றவற்றை, ஏற்ற முடியுமா? நேரடியாகப் போட்டால் பழைய கயோலினைட்தான் திரும்புகிறது.

கல்வம்:
இடையில் ஒரு படி வேண்டும்: மெத்தனால். டிஎம்எஸ்ஓ கயோலினைட்டை மெத்தனாலில் போட்டுக் கலக்கி, தினமும் மையவிலக்கியில் பிரித்துப் புது மெத்தனால் மாற்றுங்கள், சுமார் ஒரு வாரம். டிஎம்எஸ்ஓ வெளியேறி மெத்தனால் உள்ளே வரும். அதில் ஒரு பகுதி அடுக்கின் ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்து மெத்தாக்சியாகவே ஒட்டிக்கொள்ளும். ஈரமாக எடுத்தால் 11.1, காற்றில் உலர்ந்தால் 8.6. 11.1 என்ற எண்ணைக் கண்டு டிஎம்எஸ்ஓ இன்னும் போகவில்லை என்று நினைத்துவிட எளிது, ஏனென்றால் அது 11.2-க்குப் பக்கத்தில் இருக்கிறது. உலர்த்திப் பாருங்கள்: 8.6-க்கு இறங்கினால் மாற்றம் நடந்துவிட்டது, 11.2-லேயே நின்றால் நடக்கவில்லை.

அமீன் ஏற்றப்போவதாக இருந்தால் மெத்தனால் கயோலினைட்டை முழுக்க உலர்த்தாமல், ஈரமாகவே அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள். 1990-களின் இறுதியில் கொமோரி, சுகஹாரா, குரோடா மூவரும் இந்த ஈர இடைநிலையைக் கொண்டுதான் ஆல்கைல் அமீன்களை ஏற்றினார்கள்.

ஸ்மெக்டைட்டுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை, அங்கே அயனிப் பரிமாற்றம் இருக்கிறது. நேர் அயனிப் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 90 மில்லிஈக்விவலன்ட் என்றால் 10 கிராமுக்கு 9 மில்லிமோல். செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடின் மூலக்கூறு எடை 364.45, ஆக 3.28 கிராம். களிமண்ணை நீரில் 1 முதல் 2 சதவீதமாக நன்றாகப் பரப்பி, உப்பை 60 டிகிரி நீரில் கரைத்து மெதுவாகச் சேர்த்து, சில மணி நேரம் கலக்குங்கள். குளிர்ந்த நீரில் அது சரியாகக் கரையாது, படிகமாகவே நின்று பிறகு எக்ஸ்ஆர்டியில் தேவையற்ற கூர்மையான பீக்குகளைத் தரும். வெள்ளி நைட்ரேட்டில் கலங்கல் வராத வரை கழுவுங்கள். 18 அருகே எண் வந்தால் சங்கிலிகள் இரண்டடுக்காகப் படுத்திருக்கின்றன. பாதி அளவு உப்பில் 14 அருகே ஒற்றையடுக்கு.

நுண்துகள்:
பரிமாற்றத்துக்கு முன் சோடியம் வடிவமாக்குவது கட்டாயமா? கால்சியம் பென்டோனைட்டை நேரடியாகப் போட்டால் என்ன?

ஈரப்பதம்:
கட்டாயம் என்றே சொல்வேன். கால்சியம் வடிவம் நீரில் எவ்வளவு ஊறினாலும் 19 ஆங்ஸ்ட்ராம் அருகே நின்றுவிடும், அடுக்குகள் கட்டாகவே இருக்கும். சோடியம் வடிவம் அப்படியல்ல. உப்பின் செறிவு சுமார் 0.3 மோலாருக்குக் கீழே இறங்கினால் 19-இலிருந்து 40-க்கு ஒரே தாவல், பிறகு நீர் கூடக் கூட விரிந்துகொண்டே போகும். 1954-இல் நாரிஷ் இதைக் காட்டினார். முன்பு பேசியது அயனி நீரேற்றம், இந்தத் தாவலுக்குப் பிறகு நடப்பது மின்னிரட்டை அடுக்கின் (அடுக்கின் மின்சுமையும் அதைச் சூழ்ந்த அயனி மேகமும்) விலக்கம், இரண்டும் வேறு. தாவிய பிறகு ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும், பெரிய அயனிகள் சீராகப் போய்ச் சேரும்.

1 மோலார் சோடியம் குளோரைடில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஓர் இரவு. 1 கிராமுக்கு 50 மி.லி.க்குக் குறையாமல் கரைசல். பிறகு நீரால் கழுவுங்கள். உப்பு குறையக் குறைய களிமண் மையவிலக்கியில் படியவே மறுக்கும், தெளிவு கலங்கலாகவே நிற்கும். மாதிரி கெட்டுவிட்டது என்று அந்தக் கலங்கலை ஊற்றிவிடாதீர்கள். கடைசி உப்பை டயாலிசிஸ் பையில் நீக்குங்கள், வெள்ளி நைட்ரேட் தெளிவாக இருக்கும்வரை நீர் மாற்றுங்கள்.

லித்தியம் வடிவமாக்கினால் மட்டும் 200 டிகிரிக்கு மேல் சுட வேண்டாம். சிறிய லித்தியம் அடுக்குக்குள்ளேயே இறங்கி மின்சுமையை ஈடுகட்டிவிடும், மான்ட்மோரில்லோனைட் வீங்கும் திறனை இழக்கும். 1950-இல் ஹாஃப்மனும் கிளெமனும் கண்டது. மின்சுமை எண்முகியில் இருக்கிறதா, நான்முகியில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இதையே சோதனையாக வேண்டுமென்றே செய்யலாம்: சுட்ட பிறகும் கிளிசரால் உள்ளே போய் 17.7 அருகே விரிந்தால் பெய்டெல்லைட் (மின்சுமை நான்முகியில்), விரியாவிட்டால் மான்ட்மோரில்லோனைட் (எண்முகியில்).

வண்டல்:
டிஎம்எஸ்ஓவோடு 5.5 மி.லி. நீர் சேர்த்து 70 டிகிரியில் வைத்ததில், 8-ஆம் நாளில் விகிதம் 0.94. ஐசோபுரொப்பனாலில் ஒரே கழுவல், 60 டிகிரியில் உலர்த்தல். எடையிழப்பில் 22.1 சதவீதம் வருகிறது, அகச்சிவப்பில் 3538, 3502 இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. மிச்சமுள்ள 7.16 பீக் 6-ஆம் நாளுக்குப் பிறகு இறங்கவில்லை. இன்னும் நாள் நீட்டினால் பயன் உண்டா?

கல்வம்:
22.1 சதவீத எடையிழப்பைக் கணக்கிட்டால் 0.94-தான் வருகிறது, இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன. இரண்டு நாள் தேங்கி நின்ற பிறகு நீட்டுவதால் பெரிய பயன் இராது. அந்த மிச்சம் மிக நுண்ணிய துகள்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்த முறை தொடங்குவதற்கு முன் மூல மாதிரியை நீரில் கலக்கிப் படியவைத்து, 20 டிகிரியில் 8 மணி நேரத்துக்குப் பிறகும் மேல் 10 செ.மீ.-இல் மிதக்கும் 2 மைக்ரானுக்குக் குறைந்த பகுதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் நிற்பதை மட்டும் டிஎம்எஸ்ஓவில் போடுங்கள். ஒரு முறை எடுத்தால் போதாது, மறுபடி கலக்கி மூன்று நான்கு முறை. மிச்சப் பீக் குறைகிறதா என்று இங்கே எழுதுங்கள்.